செனாமின் கட்டைவிரல்

கானா நாட்டின் அன்லோகா ஊர்ச் சந்தையில் சின்ன வெங்காயம் விற்கும் அப்லாவி யாரையும் லேசில் நம்பமாட்டாள். மூட்டையின் அடிவரை கையை விட்டுத் துழாவிப் பார்த்த பிறகுதான் சரக்கை வாங்குவாள். மகள் செனாமின் பள்ளிச் சீருடை ஒரு பக்கம் ஏறி நின்றபோதும் அவளுக்குத் தையல்காரர்மேல்தான் சந்தேகம் வந்தது. சண்டைக்குப் போனாள்.

"துணி நேராத்தான் இருக்கும்மா. உம் பொண்ணு முதுகைத் தடவிப் பாரு" என்றார் அவர்.

தடவிப் பார்த்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முதுகெலும்பு வலப்பக்கம் வளைந்து, தோள்பட்டை எலும்பைப் புடைக்க வைத்திருந்தது.

இரண்டு வருடத்தில் வளைவு முற்றி, நாலு எட்டு நடந்தாலே செனாமுக்கு மூச்சு வாங்கியது. அக்ராவில் ஒரு மருத்துவமனை இலவசமாக அறுவை செய்வதாகச் சொன்னது. அந்த இலவசம்தான் அப்லாவியின் தூக்கத்தைக் கெடுத்தது.

"சும்மா எதுக்குச் செய்றாங்க? எம் பிள்ளைய வச்சுப் படிக்கப் போறாங்களா?" என்று அந்த மருத்துவமனை நர்ஸ் என்யோனாமிடம் கேட்டாள்.

"செனாம் அம்மா, போன வாரமும் இதையேதான் கேட்டீங்க."

"போன வாரம் நீ சொன்ன பதில இந்த வாரமும் சொல்றியான்னு பார்க்கிறேன்."

வளைவு அதிகம் என்பதால் உடனே அறுக்கவில்லை. செனாமின் மண்டையோட்டில் ஒரு வளையத்தைத் திருகி, கயிறு கட்டி, சக்கர நாற்காலிக்குப் பின்னால் எடைகளைத் தொங்கவிட்டார்கள். முதுகு மெல்ல மெல்ல நீள மாதக்கணக்கில் ஆகுமாம். அப்லாவி வார்டிலேயே பாய் விரித்தாள். தினமும் காலையில் எடைப்பைகளைக் கையால் தூக்கிப் பார்ப்பாள். பிறகு உணர்ச்சி இருக்கிறதா என்று தீக்குச்சியால் மகளின் கால்விரல்களைக் கீறி, "தூக்குடி" என்பாள். செனாமுக்கு எரிச்சலாக வரும். "வெங்காயத்த நசுக்கிப் பார்க்கிற மாதிரி என்னையும் பார்க்கிறியே, அம்மா!"

ஏழாவது வாரம், எடை கூட்டிய மறுநாள் காலையில், வலது கால் கட்டைவிரல் எழவில்லை.

"மரத்துப்போயிருக்கும், கொஞ்ச நேரத்தில சரியாகிடும். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது சொல்றேன்" என்றாள் என்யோனாம்.

"இப்பவே கூப்பிடு. அவர் வர்ற வரைக்கும் இந்தக் கதவ விட்டு நகரமாட்டேன்." வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். வெங்காயமென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். இதை யாரிடம் கொடுப்பது?

என்யோனாம் போன் செய்ததும் மருத்துவர் ஓடி வந்தார். விரலைச் சோதித்தவர் அங்கேயே எடையைக் குறைக்கச் சொன்னார். இழுப்பு அதிகமாகி நரம்பு அழுந்தியிருந்தது. மூன்றாம் நாள் விரல் அசைந்தது.

"நல்ல வேளை பார்த்தீங்க, அம்மா. இனி தினமும் எனக்கும் சொல்லுங்க" என்றார்.

"புகழ்ந்து பேசி என் வாயை அடைக்கப் பார்க்கிறாரு" என்று மகளிடம் முணுமுணுத்தாள். ஆனால் மறுநாளிலிருந்து முதல் ஆளாக அவரிடம்தான் போய்ச் சொன்னாள்.

அறுவை நாளன்று ஒன்பது மணி நேரம் அவள் நாற்காலியில் சாயவே இல்லை. நல்லபடியாக முடிந்தது என்று வந்து சொன்ன மருத்துவரை ஏற இறங்கப் பார்த்தாள். செனாம் மயக்கம் தெளிந்து பத்துக் கால்விரல்களையும் ஆட்டிய பிறகுதான் அப்லாவிக்கு அழுகை வந்தது. தரையில் உட்கார்ந்து அழுதாள்.

ஆறு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தபோது செனாம் ஒரு சாண் உயர்ந்திருந்தாள். மாடிப்படியில் மூச்சு வாங்காமல் அம்மாவுக்கு முன்னே ஏறிப் போனாள். அப்லாவி எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முதுகெலும்பில் வைத்த கம்பியை இறுக்கியிருந்த திருகாணிகளை எண்ணினாள்.

"இருபதுன்னீங்க. பத்தொம்பதுதான் இருக்கு."

மருத்துவர் பக்கவாட்டுப் படத்தை எடுத்து, ஒன்றின் பின்னால் மறைந்திருந்த இன்னொன்றைக் காட்டினார். "இப்பவாவது நம்புறீங்களா?"

"அடுத்த வருஷமும் படம் எடுப்பீங்கல்ல? அப்பப் பார்க்கலாம்" என்றாள் அப்லாவி.