திருவிருந்துக்கு ஒரு பேர்

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே பஸ்ஸை விட்டு இறங்கி, இரண்டு வாய்க்கால் தாண்டி நடந்தால் மருதங்காடு. அங்கே லுத்தரன் சபைக்கு ஓடு வேய்ந்த சின்னக் கோயில் ஒன்று இருந்தது. அதற்கு உபதேசியார் மாசிலாமணி. குருவானவருக்கு ஏழு ஊர் பார்க்க வேண்டியிருந்ததால், மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் வந்து அப்பமும் திராட்சரசமுமாகத் திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் மணியடிப்பது, ஜெபம் சொல்வது, அச்சடித்து வரும் பிரசங்கத்தை எழுத்து விடாமல் வாசிப்பது, சாவு வீட்டில் முதல் ஆளாகப் போய் நிற்பது எல்லாம் மாசிலாமணியின் பாடு.

மனைவி இறந்து நான்கு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. இருந்தாலும் தனியாக இருக்கிறோம் என்று அவர் நினைத்ததே கிடையாது. சபையில் நாற்பது வீடு. வாய்க்காலில் கெண்டை அகப்பட்டால் எந்த வீட்டிலிருந்தாவது ஒரு கிண்ணம் குழம்பு வந்துவிடும். மனுஷர் கொஞ்சம் நாக்குக்கு அடிமை என்பது ஊருக்கே தெரியும்.

அவருடைய பெருமையெல்லாம் ஒரு நோட்டில் இருந்தது. திருவிருந்து எடுக்க விரும்புகிறவர்கள் முந்தின சனிக்கிழமை சாயங்காலமே உபதேசியாரிடம் வந்து பேர் கொடுக்க வேண்டும். சும்மா எழுதிக்கொள்ள மாட்டார். யார் மேலாவது மனத்தாங்கல் உண்டா என்று ஒவ்வொருவரையும் கேட்பார். உண்டு என்றால் பேர் ஏறாது. போய்ச் சமாதானமாகிவிட்டு வரவேண்டும். ஒரு கோழிக்காக ஆறு மாதம் முகம் பார்க்காத ஓரகத்திகள் இரண்டு பேரை இப்படித்தான் ஒரே பாயில் உட்காரவைத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் எண்பது பேருக்குக் குறைந்து அந்த நோட்டு குருவானவர் கைக்குப் போனதில்லை.

ஆட்சி மாறி மூன்றாவது வருஷத்துத் தை மாதத்தில் அறுவடைச் சண்டை வந்தது. நாற்பது வீட்டில் முப்பத்தொன்பது கூலி வீடு. மிச்சமுள்ள ஒன்று தேவாசீர்வாதத்தினுடையது. தஞ்சாவூரில் குடியிருந்த மிராசுதாருக்கு அவர் காரியக்காரர்; களத்தில் நெல் அளப்பதும் வயலில் ஆள் இறக்குவதும் அவர்தான். கலம் நெல்லுக்கு அரைப் படி கூலி கூடுதலாகக் கொடுத்தால்தான் அரிவாள் எடுப்போம் என்று கூலி வீட்டார் சிவப்புக் கொடி நட்டுவிட்டார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவன் ஐயாவு. ஞானஸ்நானப் பதிவில் ஆபிரகாம்; கூப்பிடுவது ஐயாவு. காரியக்காரர் வெளியூர் ஆட்களை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். வரப்பில் மறித்த இடத்தில் கைகலப்பாகி, ஐயாவுக்கு மண்டை உடைந்தது. உடைந்த மண்டையோடு அவனையே போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. பேர் சொல்லிக் காட்டிக்கொடுத்தவர் காரியக்காரர்.

அந்த வாரத்து ஞாயிறு ஜெபத்தில், காவலில் இருக்கிற சகோதரனுக்காக என்று மாசிலாமணி ஒரு வரி சேர்த்துக்கொண்டார். தேவாசீர்வாதம் எழுந்து, மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். உபதேசியாரும் சிவப்பாகிவிட்டார் என்று சாயங்காலமே பேச்சு பரவியது.

ஐயாவு ஜாமீனில் வந்தான். அடுத்த ஞாயிறு கோயில் நிறைந்திருந்தது. யார் சொல்லியோ, மனம் கேட்காமலோ, காரியக்காரரும் வந்து கடைசியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரையும் ஒரே கூரைக்குக் கீழே பார்த்ததும் மாசிலாமணிக்குத் தலைகால் புரியவில்லை. இன்றைக்கு விட்டால் என்றைக்கு? அச்சடித்த பிரசங்கத்தை மூடி வைத்தார். பணி ஏற்ற நாளிலிருந்து செய்யாத காரியம் அது. சொந்தமாகப் பேசினார். நன்றாகவே பேசினார். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. கடைசியில், "அரைப் படி நெல்லுக்காகப் பரலோகத்தையே விட்டுவிடலாமா, அன்பானவர்களே?" என்று கேட்டார்.

நுணலும் தன் வாயால் கெடும். கேட்டுவிட்டு, எல்லாரும் அழுவார்கள் என்று காத்திருந்தார். யாரும் அழவில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து ஐயாவு எழுந்தான். அவன் பின்னால் பாய் பாயாக எழுந்து போனார்கள். கடைசியில் காரியக்காரரும், ஆளில்லாத இடத்தில் தனக்கென்ன வேலை என்பதுபோல் நடையைக் கட்டினார்.

அதற்குப் பிறகு மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. தேநீர்க் கடையில் அவர் போனால் பேச்சு நின்றது. குழம்புக் கிண்ணமும் நின்றது. அடுத்த ஞாயிறு இரண்டு மணியும் அடித்துவிட்டு வெறும் பாய்களுக்கு முன்னால் பிரசங்கத்தை முழுசாக வாசித்தார். "அன்பானவர்களே" என்று அச்சில் இருந்த இடத்திலெல்லாம் அதையும் வாசித்தார். விட்டுவிட மனம் வரவில்லை.

பேர் கொடுக்கும் சனிக்கிழமை வந்தது. கோயில் வாசலில் நோட்டோடு உட்கார்ந்தார். வழக்கப்படி முதலில் தன் பேரை எழுதினார். வெயில் தாழ்ந்தது, ஒருவரும் வரவில்லை. ஐயாவுவின் மனைவி பொன்னுத்தாய் புல்லுக்கட்டோடு போனாள். எழுந்து போய் வழியில் நின்று, நீயாவது பேர் கொடேன் அம்மா, என் மேல் என்ன கோபம் என்று கேட்டார். அவள் கட்டை இறக்காமலே சொன்னாள்.

"அரைப் படின்னு சொன்னீங்களே ஐயா, அது எங்க வீட்டுல ராத்திரிக் கஞ்சி. ஒங்களுக்கு மாசம் பொறந்தா சம்பளம் வருது. எங்க வயித்தப் போய்ப் பரலோகத்துக்குக் குறுக்கால நிக்குதுன்னு சொல்லிப்புட்டீங்க."

அவள் போய்விட்டாள். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எத்தனை கல்யாணத்தை, எத்தனை சாவை இந்தத் தெருவில் பார்த்திருக்கிறார்! ஒரு வீட்டு அடுப்பையும் எட்டிப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. முப்பத்தொன்பது வீடும் தன்மேல் மனத்தாங்கலாக இருக்கும்போது தன் பேர் மட்டும் எப்படி ஏறும்? நோட்டை எடுத்து, எழுதியிருந்த அந்த ஒரு பேரையும் அடித்தார்.

ஞாயிறு வந்த குருவானவர் அடித்த ஒரு பேர் மட்டும் இருந்த தாளைப் பார்த்துவிட்டுப் பாத்திரங்களைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. நல்ல மனிதர்தான், ஆனால் ஏழு ஊர்க்காரர். அடுத்த மாதமும் ஒரு பேர்கூட இல்லையென்றால் இங்கே வருவதை நிறுத்திவிட்டு மருதங்காட்டை அடுத்த சபையோடு சேர்க்கச் சொல்லி மேலே எழுத வேண்டியிருக்கும் என்றார். ஒரு பேர் இருந்தாலும் வருவீர்களா என்று மாசிலாமணி கேட்டார். அதற்கு, ஒரு பேர் இருந்தாலும் வருவது தன் கடமை என்று சொல்லிவிட்டு சைக்கிள் ஏறினார்.

மாசிலாமணி முதலில் காரியக்காரர் வீட்டுக்குப் போனார். தேவாசீர்வாதம் நாற்காலி போட்டார், காப்பி கொடுத்தார். ஜெபத்தில் அந்த வரியைச் சேர்த்தது தப்பு என்று மாசிலாமணி சொல்லவில்லை. தங்களை நோக வைத்துவிட்டேன், மன்னியுங்கள் என்று மட்டும் சொன்னார். மன்னித்தாயிற்று, ஆனால் ஐயாவு மீது போட்ட வழக்கைத் திருப்பி வாங்க முடியாது, அது மிராசுதார் இஷ்டம் என்றார் அவர். காப்பி நன்றாக இருந்தது. அவ்வளவுதான்.

பிறகு கூலி வீட்டார் தெருவுக்குப் போனார். கொடிக்கம்பத்தடியில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஐயாவுவை மட்டும் மூலையில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்; கோயிலில் எல்லார் முன்னாலும் சொன்ன வார்த்தையை எல்லார் முன்னாலும்தான் திரும்ப எடுக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது. நான் சொன்னது தப்பு, உங்கள் அரைப் படி நியாயம், எனக்குப் புத்தியில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். இருபத்திரண்டு வருஷம் பிரசங்கம் கேட்ட தெரு அவர் குரல் நடுங்கி அன்றைக்குத்தான் கேட்டது.

ஐயாவு தலையிலிருந்த காயக் கட்டைத் தடவிக்கொண்டே எழுந்துவந்து அவருடைய கையை அவிழ்த்துவிட்டான்.

"ஒங்க மேல இனிமே வருத்தமில்லீங்க. சாமி மேலயும் இல்ல. ஆனா என்னைய போலீசுக்குக் காட்டிக்கொடுத்த ஆளு பக்கத்துல மண்டி போட்டு, ஒரே கிண்ணத்துல வாய வெக்க எனக்கு ஆகாது. மனத்தாங்கல் இல்லன்னு ஒங்ககிட்ட பொய் சொல்லச் சொல்றீங்களா?"

அப்படிப் பொய் சொல்லக்கூடாது என்று அவனுக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தவரே மாசிலாமணிதான். வேண்டாம்ப்பா, பேர் கொடுக்காதே என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். மற்றவர்களும் அவன் சொன்னதுதான் தங்கள் சொல்லும் என்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். அன்று இரவு யாரோ வாசலில் ஒரு கிண்ணம் குழம்பு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதைச் சாப்பிட்டுக்கொண்டே அழுதார்.

அடுத்த மாதத்துச் சனிக்கிழமை தேவாசீர்வாதம்கூட வரவில்லை. அவர் குடும்பத்தோடு தஞ்சாவூர்க் கோயிலுக்கே போக ஆரம்பித்திருந்தார். யார் மேலாவது மனத்தாங்கல் உண்டா என்று மாசிலாமணி தன்னைத் தானே கேட்டுக்கொண்டார். யார் மேலும் இல்லை. தன்மேலும் யாருக்கும் இல்லை. ஒரு பேர் எழுதினார்.

மறுநாள் குருவானவர் ஒரே ஒரு ஆளுக்காக அங்கி உடுத்தினார். சபை இல்லாத இடத்தில் எந்த முறைமையை வாசிப்பது என்று யோசித்துவிட்டு, வீட்டில் படுத்திருக்கும் நோயாளிக்கு வாசிப்பதையே எடுத்து வாசித்தார். பீடத்துக்கு முன்னால் சுவருக்குச் சுவர் மரக் கிராதி. வழக்கமாக அதில் ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேர் முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு மண்டியிடுவார்கள். எல்லாரையும் அனுப்பிவிட்டு, கடைசிப் பந்தியில் சுவரோரம் உபதேசியார். அன்றும் அவர் போய்ச் சுவரோரம்தான் மண்டியிட்டார்.

குருவானவர் நடுவில் அப்பத்தோடு நின்றார். இங்கே வாருங்கள், இவ்வளவு இடம் கிடக்கிறதே என்று மெதுவாகச் சொன்னார்.

மாசிலாமணி அசையவில்லை. "அது அவங்க இடங்கய்யா," என்றார். "இருக்கட்டும்."

குருவானவர் அந்தக் கிராதி நெடுக, காலியாகக் கிடந்த பதினோரு பேர் இடத்தையும் கடந்து, அவரிடம் நடந்து வந்தார்.