சாவு வீட்டில் தோற்ற என் வாதம்

பேச்சுப் போட்டிகளில் வென்ற துணிவில், கானா பாடகர்களுக்கு வாய்ப்புத் தேடித்தரும் நிறுவனம் தொடங்கியிருந்தேன். என் முதல் பாடகருக்குப் பத்து மணிக்குத் தொலைக்காட்சியில் ஆடிஷன். ஒன்பதரைக்கு அவரோ, தன் நண்பரின் தந்தை இறந்த வீட்டில், ராயபுரத்தில் இரங்கல் கானா பாடிக்கொண்டிருந்தார். அங்கேயே போய், எதிர்காலம், நேர ஒழுக்கம் என்று அவரிடம் அடுக்கடுக்காக வாதிட்டேன்.

“ஆடிஷன நாளிக்கு கூட வெச்சிக்கலாம் மாமு. செத்தவர நாளிக்கு வானு சொல்ல முடியுமா?” என்றார். துக்கத்துக்கு வந்தவர்களே சிரித்துவிட்டார்கள்.

மேடையில் தோற்றறியாத நான் வெளியே வந்து, தொலைக்காட்சித் தயாரிப்பாளரை அழைத்து, சாவு வீட்டு விஷயத்தைச் சொன்னேன்.

“சார், ஆடிஷனை நாளைக்குக்கூட வைத்துக்கொள்ளலாம். இறந்தவரை நாளைக்கு வரச் சொல்ல முடியுமா?”

அவரும் சிரித்து, மறுநாளுக்கு ஒப்புக்கொண்டார். எனக்குத்தான் எரிச்சல் அடங்கவில்லை. முதல் வாய்ப்பைக் காப்பாற்றியது எதிரணியின் வாதம்.