மொட்டைக்குக் காரணம் கேட்காத ஊர்

என் மொட்டைத் தலையைப் பார்த்து அக்கா சிரித்தாள். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான். செல்போன் திரையில் அவளுக்குப் பின்னால் வெள்ளைச் சுவர், வெள்ளை மேசை, கழுத்தில் ஒரு அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. "டேய், இன்னாடா இது, பூசணிக்கா மாதிரி இருக்குது? மீசையக்கூட உடலையா? இன்னா வேண்டுதல்?" என்று கேட்டாள். "உனக்காகத்தான்க்கா. நீ போன காரியம் நல்லபடியா முடியணும்னு வேண்டிகினேன்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது முந்தின நாள் சுடுகாட்டில் மழித்த தலை. நைனாவுக்கு, எங்கள் அப்பாவுக்கு, கொள்ளி வைப்பதற்காக மழித்தது. வேறு ஊராக இருந்தால் அவளுக்கு அப்போதே விளங்கியிருக்கும். மீசையும் இல்லாமல் தலைமுடியும் இல்லாமல் ஒரு பையன் வந்து நின்றால், வீட்டில் யார் தவறினார்கள் என்றுதான் மற்ற ஊர்களில் கேட்பார்கள். திருத்தணியில் யாரும் கேட்பதில்லை. பஸ் ஸ்டாண்டில் பாதித் தலைகள் மொட்டையாக இருக்கும். சந்தனம் பூசின தலையோடு டீ குடித்துக்கொண்டிருப்பார்கள், கைக்குழந்தை கூட மொட்டையாக அழுதுகொண்டிருக்கும். மொட்டை என்றால் முருகன், அவ்வளவுதான். இந்த ஊரில் பிறந்தவள் என்பதால் அக்காவுக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை.

அக்கா சென்னையில் அரசு இன்ஜினியரிங் கல்லூரியில் மூன்றாம் வருடம் முடித்திருந்தாள். ஜப்பானில் ஒரு பல்கலைக்கழகம் கோடையில் வெளிநாட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு பேராசிரியரிடம் விட்டு, ஆராய்ச்சி என்றால் என்ன என்று பழக்குகிறது. விமான டிக்கெட், தங்க இடம் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். கடைசி வாரத்தில் ஒவ்வொருவரும் தான் செய்த வேலையை ஒரு பெரிய தாளில் அச்சடித்துச் சுவரில் மாட்டி, பக்கத்தில் நின்று விளக்க வேண்டும். அது நன்றாக அமைந்தால் மேல்படிப்புக்கு அந்தப் பேராசிரியரே கூப்பிட்டுக்கொள்வார். அக்காவுக்குக் கொடுத்த வேலை சாயத் தண்ணீர். சாயம் கலந்த தண்ணீரில் ஒரு தூளைப் போட்டால் சாயமெல்லாம் தூளில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் தெளிய வேண்டும். அம்மையார்குப்பத்தில் எங்கள் சித்தி வீட்டு வாசலில் சாயப்பட்டறைத் தண்ணீர் ஓடும் கால்வாய் ஒரு நாள் சிவப்பாக இருக்கும், ஒரு நாள் பச்சையாக இருக்கும். அக்கா அதைப் பார்த்து வளர்ந்தவள். விண்ணப்பத்திலும் அதைத்தான் எழுதியதாகச் சொன்னாள்.

நைனா கல்யாணச் சமையல்காரர். மலையைச் சுற்றி இருக்கிற மண்டபங்களில் அவர் அடுப்பு மூட்டாத மண்டபம் கிடையாது. நான் ஒன்பதாவதோடு நின்றுவிட்டு அவரோடு காய் நறுக்க வந்தவன். அக்காவுக்கு இடம் கிடைத்ததும் அவர் மண்டபம் மண்டபமாகச் சொல்லிக்கொண்டு போனார். ஒருத்தரும் நம்பவில்லை. "படிக்கறதுக்கு அவன் காசு குட்த்து கூப்புட்றானா? மாஸ்டரே, பொண்ண வூட்டு வேலைக்கி இஸ்துகினு போறானுங்க, உஷாரா இரு" என்று பந்தி பரிமாறுகிற ஆட்கள் கிண்டல் செய்தார்கள். நைனா கரண்டியை ஆட்டிக்கொண்டே பதில் சொல்வார். "ஆடி மாசம் நம்ம மண்டபம் காலியாதான கெடக்குது? பூட்டி வெச்சா இன்னா வரும், எலி வரும். அவன் லீவுல காலேஜ பூட்டாம, ஊரான் புள்ளைங்கள கூப்ட்டு வேல கத்து குடுக்கறான். உங்கள மாதிரி சாம்பார் வாளிய வெச்சிகினு வாய் பாத்துகினு நிக்கறவன் இல்லடா அவன்."

ஆனி மாதம் முகூர்த்தம் நெருக்கம். அக்கா ஜப்பான் போன பிறகு ஒரு நாள், காலை டிபன் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. பொங்கலை இறக்கி வைத்துவிட்டு வடைச் சட்டி முன்னால் உட்கார்ந்த நைனா அப்படியே என் பக்கம் சாய்ந்தார். தூக்கம் என்று நினைத்து, "நைனா, எண்ண காயுது" என்றேன். மண்டப மேனேஜர் ஓடி வந்து பார்த்தார். "பின்னால கேட்டு வழியா எடுத்துகினு போங்கப்பா. பொண்ணு வீட்டுக்கு தெரிய வாணாம். மொதல்ல தாலி ஏறட்டும்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. நல்ல காரியம் நடக்கிற இடத்தில் அப்படித்தான் செய்வார்கள். வேறு யாராவது சாய்ந்திருந்தால் நைனாவும் அதையேதான் சொல்லியிருப்பார். காய்கறி வந்த வேனில் அவரைப் படுக்க வைத்து நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். வேன் கேட்டைத் தாண்டும்போது உள்ளே கெட்டிமேளம் கொட்டினார்கள். ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வழியிலேயே போய்விட்டது என்றார்கள்.

வீட்டில் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, முதல் வேலையாக என்னிடம் வந்து அக்காவுக்குப் போன் போடச் சொன்னார். அம்மா அவரை நிறுத்தினாள்.

"அவளுக்கு சொல்ல வாணாம்."

"இன்னாக்கா பேசற? பெத்த பொண்ணு மூஞ்சி பாக்க வாணாவா?"

"சொன்னா ஓடியாந்துடுவா. வந்தா திரும்பி போவ மாட்டா. அந்த மனுசன் ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சாரு. முடிச்சிட்டு வரட்டும்."

"நாளைக்கி உன்ன நிக்க வெச்சி கேப்பாக்கா."

"கேக்கட்டும். படிச்சிட்டு வந்து கேக்கட்டும்."

விசா ஒரு தடவை போய்வரத்தான். நடுவில் வந்தால் வந்ததுதான். மாமா எழுந்து பந்தலுக்குச் சொல்லப் போனார். போன் என் கையில் இருந்ததால் அக்காவிடம் மறைக்கிற வேலை என்னுடையதாகிவிட்டது. அம்மா என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "நீ அழாத. கண்ணு வீங்கினா அவளுக்கு தெரிஞ்சிடும்." சரி என்று நிறுத்தினேன். சுடுகாட்டிலும் அழவில்லை. அப்போது நிறுத்தியது. அதற்குப் பிறகு நானாக அழலாம் என்று உட்கார்ந்து பார்த்தும் வரவில்லை.

அக்கா கேட்கும்போதெல்லாம் ஒரு பதில் வைத்திருந்தேன். நைனா பள்ளிப்பட்டில் கல்யாண வேலைக்குப் போயிருக்கிறார், நைனாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, நைனா ஆர்.கே.பேட்டையில் இருக்கிறார், அங்கே டவர் இல்லை. நைனாவுக்கு எழுத வராது. ஒவ்வொரு கல்யாணத்திலும் முதல் இலையைப் போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்புவது அவர் வழக்கம். அதையும் நான் விடவில்லை. வேறு மாஸ்டரோடு வேலைக்குப் போய், அங்கே போட்ட இலையை நைனாவின் போனில் எடுத்து அனுப்பினேன். "நைனா, போட்டோ இவ்ளோ தெளிவா எப்ப எடுக்க கத்துகின? கட்ட வெரல எங்க காணோம்?" என்று அக்கா குரல் பதிவு அனுப்பினாள். நைனா எடுத்தால் ஓரத்தில் அவர் கட்டைவிரல் விழுந்திருக்கும். அடுத்த இலையிலிருந்து நானும் விரலை வைத்து எடுத்தேன். எனக்கும் அவருக்கும் ஒரே மாதிரி விரல்தான், மஞ்சள் ஏறின நகம்.

பதினாறாம் நாள் அம்மாவுக்குப் பொட்டு அழித்தார்கள். மூன்று நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீடியோவில் கூப்பிடும் நேரம். அம்மா எழுந்து போய்க் கண்ணாடி முன் நின்று, பொட்டு வைத்து, பக்கத்து வீட்டில் ஒரு முழம் பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேசி முடித்ததும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். அத்தை பார்த்துவிட்டுக் கத்தினாள். "இது இன்னா கூத்து அண்ணி? நாலு பேரு பாத்தா இன்னா பேசுவாங்க?" அம்மா, "நாலு பேரு என் பொண்ண படிக்க வெப்பாங்களா?" என்றாள். ஞாயிறு தவறாமல் அது நடந்தது. அழித்த பொட்டை அம்மா அதே இடத்தில் நேராகத் திரும்ப வைப்பாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வீட்டில் இரண்டு பேருமே அதை ஒரு வேலையாகச் செய்கிறவர்கள் மாதிரி இருந்தோம்.

ஆடிக் கிருத்திகைக்கு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. வருஷா வருஷம் நைனா பூக்காவடி எடுப்பார். அந்த மாதம் வேலை இல்லாததால் அவருக்கு அது ஒன்றுதான் வேலை. சாவு விழுந்த வீடு வருஷம் திரும்புகிறவரை மலை ஏறக் கூடாது. அக்காவோ, "காவடி தூக்கும்போது எனக்கு காட்டு, மறந்த, வந்து ஒதப்பேன்" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாள். நான் படி ஏறவில்லை. கீழே சரவணப் பொய்கைப் பக்கம் கூட்டத்தின் ஓரமாக நின்றேன். நைனா முன்னால் ஏறிப்போய்விட்டார், கூட்டத்தில் பிடிக்க முடியவில்லை என்று சொல்லலாம் என்று இருந்தேன். பம்பைச் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. அக்கா திரையில் கண்ணை இடுக்கிப் பார்த்தவள் திடீரென்று கத்தினாள். "அதோ நைனா! மஞ்ச வேட்டி, அந்த முதுக எனக்கு தெரியாதா? கிட்ட போடா!"

யாரோ ஒருவர். நைனா உயரம், நைனா உடம்பு, மஞ்சள் வேட்டி, தோளில் பூக்காவடி. அன்றைக்கு அந்தத் தெருவில் அப்படி ஆயிரம் பேர். கிட்டே போனேன். அவர் திரும்பினார். காவடியில் தொங்கிய பூச்சரம் முகத்தை மறைத்திருந்தது. நான் போனைத் திருப்பி அவர் முன்னால் நீட்டினேன். காவடிக்காரர் முன்னால் யார் வந்து நின்றாலும் திருநீறு கொடுப்பார்கள். அவர் திரையைப் பார்த்தார். அதில் ஒரு பெண் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். இடுப்புப் பையில் கைவிட்டு எடுத்து, நெற்றியில் பூசுகிற மாதிரி அந்தப் போனிலேயே பூசிவிட்டு நடந்தார். அக்காவுக்கு அங்கே எல்லாம் சாம்பல் நிறமாகத் தெரிந்திருக்கும். "போனுக்கே திருநீறு பூச எங்க நைனாவாலதான் முடியும்" என்று சிரித்தாள், அழுதாள். நான் சட்டையால் போனைத் துடைத்தேன்.

அந்த வாரமே அவள் தாளை மாட்டி விளக்கிவிட்டாள். பேராசிரியர் கை கொடுத்தார், அடுத்த வருஷம் வரச் சொன்னார் என்று சொன்னாள். அவளைக் கூட்டிவர சென்னை விமான நிலையத்துக்கு நானும் மாமாவும் போனோம். வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்பது அம்மாவின் ஏற்பாடு. கார் பூந்தமல்லியைத் தாண்டவில்லை, அக்கா கேட்டாள்: "ஆடிலதான் கல்யாணமே கெடையாதே. நைனா ஏன் வரல?" மாமா, "வூட்டுக்கு போய் பேசிக்கலாம்மா" என்றார். திருத்தணி வந்ததும் அவள்தான் முதலில் இறங்கினாள். வாசலில் அம்மா பொட்டில்லாமல் நின்றாள்.

"எப்போ?" என்றாள் அக்கா. அம்மா சொன்னாள். அக்கா என் பக்கம் திரும்பினாள். "அப்ப எனக்கு திருநீறு பூசினது யாரு?"

"தெரியலக்கா. யாரோ காவடி எடுத்துகினு வந்தவரு."

அப்போதுதான் அவள் உட்கார்ந்தாள். அவள் அழ ஆரம்பித்ததும் அம்மாவும் அழுதாள். தெருவே வந்து அழுதது, நைனா அன்றைக்குத்தான் போன மாதிரி. நான் எல்லோருக்கும் டீ போட்டேன்.

பல நாள் அவள் என்னிடம் பேசவில்லை. பேசியபோதும் திட்டவில்லை. "நீங்க பொய் சொன்னது எனக்கு பெருசு இல்லடா. நீங்கள்லாம் ஒண்ணா உக்காந்துகினு இருந்தீங்க. நான் ஒருத்தி மட்டும் அங்க சிரிச்சிகினு இருந்தேன். நைனாவுக்கு போட்ட மொட்டைய பாத்து பூசணிக்கான்னு சொன்னேன்." நாங்களும் ஒன்றாக உட்கார்ந்து அழவில்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

அக்கா கடைசி வருடத்தை முடித்தாள், நைனாவுக்கு வருஷத் திதியும் கொடுத்து முடித்தோம். மேல்படிப்புக்கு அதே பேராசிரியர் கூப்பிட்டிருக்கிறார், இரண்டு வருடம். புறப்படுவதற்கு முந்தின நாள் அம்மா பொடி அரைத்துக்கொண்டே, அக்கா குளிக்கப் போயிருந்த நேரமாகப் பார்த்துச் சொன்னாள்: "எனக்கு எதாச்சும் ஒண்ணுன்னா அவள கூப்டாத. முடிச்சிட்டு வரட்டும்." ஆங் என்றேன். மறுநாள் விமான நிலையத்தில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த வாட்டி எதா இருந்தாலும் அப்பவே சொல்லிடு. நான் வர முடியலன்னாலும் பரவால்ல. சொல்லு." அவளுக்கும் ஆங் என்றேன். இரண்டு பேரும் என்னை நம்பவில்லை என்று நினைக்கிறேன். எதைச் செய்வேன் என்று எனக்கும் தெரியாது.

இப்போது தினமும் கூப்பிடுகிறாள், வேலைக்கு நடுவில், கையுறையைக் கூடக் கழற்றாமல். என்னை எதுவும் விசாரிப்பதில்லை. எடுத்ததும், "அம்மாவ காட்டு" என்பாள். காட்டினால் போதாது. "பேச சொல்லு. இன்னிக்கி இன்னா கெழமைன்னு சொல்ல சொல்லு." அம்மாவுக்கு முதலில் கோபம் வந்தது, இப்போது பழகிவிட்டது. அடுப்படியில் இருந்தாலும், துணி துவைத்துக்கொண்டிருந்தாலும், நான் போனைத் திருப்பினால் கையைத் தூக்கிக் காட்டுவாள். "வெள்ளிக்கெழமடி. இருக்கேன்டி, இருக்கேன், போய் வேலய பாரு." அதைக் கேட்ட பிறகுதான் அக்கா என்னிடம், சாப்பிட்டாயா என்று கேட்பாள்.