காலி மண்டபத்தில் ஒரு பாட்டு

பட்டுக்கோட்டையில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து உறவுக்காரர்கள் பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள். சவுண்ட் சர்வீஸ்காரர் அதன் பிறகுதான் தனக்கென்று ஒரு பாட்டுப் போட்டார். அதில் வரிகளே இல்லை. ஒரே சீராக டிரம் அடி மட்டும் விழுந்தது. எனக்குத் தலைவலிதான் வந்தது. அவர் ஒல்லியான மனிதர், காதோரம் நரை. ஆளுயர ஸ்பீக்கர் பெட்டியில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஆடினார்.

பாட்டு நின்றதும், “இதெல்லாம் எங்க பழகுனீங்க?” என்றேன்.

“சிங்கப்பூர்லங்க. சனிக்கிழமை ஆனா கிளப்புக்குப் போயிடுவேன். வேர்வையோட எல்லாரும் இடிச்சுக்கிட்டு ஆடுவோம். ஒருத்தருக்கும் என் பேர் தெரியாது. இங்க ஊருக்கே தெரியும், கூட ஆடத்தான் ஆளில்ல.”

“கல்யாணத்துலயே போடலாமே?”

“போட்டேங்க. பாட்டு எப்ப ஆரம்பிக்கும்னு கேட்டாங்க.”

மறுபடியும் அதையே போட்டார். எனக்கு ஆடத் தெரியாது. தாம்பூலப் பையை நாற்காலியில் வைத்துவிட்டு நானும் பெட்டியில் கை வைத்தேன். முழங்கை வரை அதிர்ந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. நெரிசலில் இடம் விடுகிறவர் மாதிரி, தோளைக் குறுக்கிக்கொண்டு கொஞ்சம் நகர்ந்தார். எங்களைச் சுற்றி மண்டபம் முழுக்கக் காலியாகக் கிடந்தது.