கழிக்கத் தெரிந்தவன் சொன்ன விலை

என் தொழில் கழிப்பது. மலேசியாவில், கேமரன் மலையில், எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் நான் தராசுக்காரனாக இருந்தேன். கூடை தராசில் ஏறும். முள் ஓர் எண்ணைக் காட்டும். அதில் கூடைக்கு ஒரு கழிவு, மழையில் நனைந்திருந்தால் தண்ணீருக்கு ஒரு கழிவு, இலை முற்றியிருந்தால் அதற்கும் ஒன்று. மிஞ்சியதைத் தோட்டத்துக் கணக்கரான கிராணி எழுதிக்கொள்வார். எங்கள் மலையில் மழை பெய்யாத நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கொழுந்து பறிக்கும் பெண்களில் என்னைத் திட்டாதவர்களையும் அப்படித்தான்.

சாயங்காலம் ஆனால் நான் வேறு ஆள். தோட்டத்து இசைக்குழுவில் கிட்டார் வாசிப்பேன், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஜோக்கும் சொல்வேன். இரண்டில் எதற்கு ஜனங்கள் அதிகமாகச் சிரித்தார்கள் என்பது வேண்டாம்.

எங்கள் குழுவின் மானத்தைக் காப்பாற்றியது பேஸ் கிட்டார். அதை வாசித்தவர் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மூன்றாம் வீட்டு அண்ணன். அறுபதுகளில் விடுமுறைக்கு மலையேறி வந்த ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய், ஊர் திரும்பக் காசில்லாமல் அவரிடம் விற்றுவிட்டுப் போன கிட்டார் அது. நாலே கம்பிதான். ஆனால் அண்ணன் அதைத் தட்டினால் கோயில் தகரக் கூரை அதிரும், கூடவே என் நெஞ்சும். அந்தக் கிட்டார் மேல் எனக்கு ஒரு கண். ஒரு கண் என்ன, இரண்டும்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அண்ணன் லோரியிலிருந்து விழுந்தார். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் நின்றுவிட்டன. அவர் வேலை பார்த்த தேயிலைத் தொழிற்சாலையில் இனி இடம் இல்லை, மேடையிலும் இல்லை. பக்கத்து ஊரான திரிங்காப்பில் ஒருவர் தன் பூத்தோட்டத்தில் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு விடுவதாகச் சொன்னார். முன்பணம் எண்ணூறு வெள்ளி, மாதக் கடைசி வரை காத்திருப்பார். பூச்செடிக்குத் தண்ணீர் விட எட்டு விரல் போதும் என்று அண்ணன் சொல்லிச் சிரித்தார். வீட்டில் எண்ணூறு பெறக்கூடிய சாமான் ஏதாவது உண்டென்றால் அது அந்தக் கிட்டார்தான்.

விலை சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஒருமுறை ஈப்போவில் இசைக்கருவிக் கடை வாசலில் நின்று கண்ணாடி வழியாக விலைச் சீட்டுகளைப் படித்தவன். திரும்பி வந்து ஒரு மாதம் அதையே பேசியதில் லயம் முழுக்க நான் நிபுணன் ஆகிவிட்டேன்.

"தம்பி, ஞாயமா சொல்லணும். கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்," என்றார் அண்ணனின் மனைவி. பன்னிரண்டு வருஷமாக என் தராசில் கூடையை வைக்கிற அக்கா அவர்.

நான் கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டு எனக்குத் தெரிந்த ஒரே வேலையை ஆரம்பித்தேன். புதுசு ஆயிரம் என்று வைத்துக்கொண்டேன். பெயிண்ட் உரிந்ததற்கு நூறு கழித்தேன். திருகாணியில் துருவுக்கு ஐம்பது. கம்பி பழசு, அதற்கு ஐம்பது. வயசுக்கு இருநூறு. பொங்கலன்று வைத்த குங்குமக் கறைக்கு ஐம்பது. அப்படியே கழித்துக் கழித்து, பின்புறம் யாரோ கீறியிருந்த கோட்டுக்கு இருநூறையும் கழித்ததும் முந்நூற்று ஐம்பதில் வந்து நின்றது. நான் காசு சேர்த்த மைலோ டின்னில் அப்போது இருந்ததும் முந்நூற்று ஐம்பதுதான். கணக்கு என்னவொரு அழகான சாஸ்திரம்!

அண்ணன் முகம் விழுந்துவிட்டது. "அவ்வளவுதானா தம்பி?"

"பழைய சாமான்லா அண்ணே. யாரு வாங்குவா? வேற வழியில்லேன்னா நானே..." என்று இழுத்தேன். பெரிய தியாகி போலத்தான் இழுத்தேன்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "சரி தம்பி. போன திருவிழாவுக்கு ஈப்போவிலேர்ந்து வாசிக்க வந்தாரே ஓட்டல் பாண்டுக்காரர், அவரும் ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கட்டும். நீ பக்கத்துல இரு. அவர் நம்மள ஏமாத்திடக் கூடாது பாரு."

எலியைக் கூப்பிட்டு நெல்லுக்குக் காவல் வைத்தார்கள். நான் தலையாட்டினேன்.

ஞாயிறு காலைக்குள் மைலோ டின் காசை என் கை நாலு முறை எண்ணிவிட்டது. எனக்குப் பயம் வந்தால் முதலில் அதற்குத்தான் தெரியும், மூளைக்குக் கடைசியில்தான் சொல்வார்கள். அண்ணன் வீட்டுக்குள் நுழைந்ததும் சாமி படத்துக்கு முன்னால் நின்றேன். அங்கே எப்போதும் இருக்கும் பளபளப்பான தட்டிலிருந்து விபூதியை எடுத்து மூன்று விரலால் அகலமாகப் பூசிக்கொண்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்காதீர்கள். அந்தச் சாமிக்கே சங்கடமாக இருந்திருக்கும்.

ஈப்போக்காரர் கிட்டாரைத் துப்பாக்கிபோல் கண்ணுக்கு நேரே தூக்கி, அதன் கழுத்து நெடுகப் பார்த்தார். "நேரா இருக்கு." பையிலிருந்து ஒரு திருப்புளியை எடுத்துப் பின்னால் இருந்த நாலு ஆணிகளையும் கழற்றினார். கழுத்து தனியாகக் கையோடு வந்துவிட்டது.

"ஐயோ அண்ணே, ஒடைச்சிட்டீங்களே!" நான் எழுந்தே விட்டேன்.

"உக்காரு தம்பி. செஞ்ச மாசமும் வருஷமும் இங்க பென்சில்ல எழுதியிருப்பான். இதோ பாரு." அவர் முகம் மலர்ந்தது. "எனக்கு இல்ல இது. பினாங்குல ஒரு முதலாளி பழைய கிட்டாராத் தேடி வாங்குறாரு. இவ்வளவு பழசு கிடைக்கிறது கஷ்டம்."

வயசுக்கு நான் கழித்த இருநூறு கண்முன் ஓடியது.

"மேல பெயிண்ட் ஏதும் அடிச்சீங்களா?" என்று அண்ணனைக் கேட்டார்.

"இல்லீங்க. அப்பிடியே இருக்கு."

"நல்ல வேளை! பழைய பெயிண்டுக்குத்தான் காசு. புதுசா அடிச்சிருந்தா பாதி விலை போயிருக்கும்."

எனக்கு வேர்த்தது. கேமரன் மலையில், காலை ஒன்பது மணிக்கு, வேர்த்தது. கிட்டார் கைக்கு வந்ததும் அதற்கு அடிக்க, தொழிற்சாலைக் கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்ட் அரை டின் என் கட்டிலுக்கடியில் தயாராக இருந்தது. நான் எதையெல்லாம் கழித்தேனோ அதையெல்லாம் இந்த மனுஷன் கூட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு கம்பிகளுக்குக் கீழே வெறுமையாக இருந்த இரண்டு ஓட்டைகளில் விரலை வைத்தார். "இங்க ஒரு மூடி இருக்கணுமே. வளைஞ்சாப்ல, வெள்ளி மாதிரி மின்னும்."

"கை இடிக்குதுன்னு அப்பவே கழட்டிட்டேன். எங்க போச்சோ," என்றார் அண்ணன்.

ஈப்போக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "மூடி இருந்தா தொள்ளாயிரம், இப்பவே கையில குடுத்துருவேன். இல்லேன்னா வேணாம் அண்ணே. முழுசா இல்லாதத அந்த முதலாளி தொட மாட்டாரு."

அண்ணன் வீடெல்லாம் தேடினார். கட்டிலுக்கடியில், அரிசி டின்னுக்குப் பின்னால், மழைக்கோட்டுப் பையில். கடைசியில் மடங்காத விரல்களைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். "சரி விடுங்க. தம்பி சொன்ன முந்நூத்தம்பதுக்கே குடுத்திடலாம். பூத்தோட்டம் நமக்குக் குடுத்து வைக்கல."

அப்போதுதான் சுவரில் தொங்கிய கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். நெற்றியில் மூன்று பட்டை விபூதி. அதன் கீழே திருட்டு முழி. அந்த விபூதி எதிலிருந்து வந்தது என்று மூளைக்குக் கடைசியாகச் செய்தி வந்து சேர்ந்தது.

சும்மா இருந்தால் போதும். கிட்டார் எனக்கு. டின்னில் காசு தயார், கட்டிலுக்கடியில் பெயிண்ட் தயார். அக்கா கொடுத்த தேத்தண்ணி ஆறிப் போகிற வரைக்கும் சும்மாதான் இருந்தேன். அண்ணன் கிட்டாரைப் பழைய துணியில் சுற்ற ஆரம்பித்தார். மடங்காத விரல்களால் சுற்ற வராமல் துணி நழுவிக்கொண்டே இருந்தது.

"அக்கா," என்று கத்திவிட்டேன். எல்லாரும் திரும்பினார்கள். "விபூதிய எதுல வச்சிருக்கீங்க?"

"தட்டுலதான்."

"அது எந்தத் தட்டு?"

அக்கா சாமி படத்தைப் பார்த்தார், கிட்டாரைப் பார்த்தார், வாயில் கை வைத்தார். "அடக் கடவுளே! கூட்டுறப்ப கீழ கெடந்திச்சி. பாட்டுச் சாமான், காலு படக்கூடாதுன்னு சாமிகிட்ட வச்சேன். வச்சு இத்தன வருஷம் ஆச்சே!"

சாமிக்கு வைத்ததை எடுக்கலாமா என்று அவர் கை தயங்கியது. "சாமி கோவிச்சுக்காது, எடு," என்றார் அண்ணன். விபூதியை ஒரு கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றி, தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுத்தார். ஈப்போக்காரர் அதைக் கவிழ்த்து வைத்தார். ஓட்டைக்கு ஓட்டை சரியாக உட்கார்ந்தது. மற்ற இரும்பெல்லாம் மலைக்காற்றில் துருப்பிடித்திருக்க, தினமும் விபூதி தேய்த்த அது மட்டும் நேற்றுச் செய்தது மாதிரி மின்னியது. அவர் விரலில் ஒட்டியிருந்ததை வீணாக்காமல் தன் நெற்றியில் இட்டுக்கொண்டு, ஒன்பது நூறு வெள்ளித் தாள்களை எடுத்துப் பாயில் வைத்தார்.

கிளம்பும்போது கேட்டார்: "தம்பி என்ன வெல சொல்லியிருந்தாப்ல?"

"முந்நூத்தம்பது," என்றார் அக்கா.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒங்கிட்ட எவ்ளோ இருந்திச்சி?"

நான் கூரையைப் பார்த்தேன். சிரித்தது அக்காதான். "எனக்கு அன்னிக்கே தெரியும்லா. பன்னெண்டு வருஷமா இவன் கழிக்கிறப்ப மூஞ்சியப் பாக்குறேன். கிட்டாருக்குக் கழிச்சப்ப அது வேற மூஞ்சி. அதான் ஒங்கள வரச் சொன்னேன்."

மாதக் கடைசியில் அவர்கள் திரிங்காப் போனார்கள். அக்காவின் கடைசி நாளிலும் மழை. கூடையைத் தராசில் வைத்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். கிராணி பேனாவோடு காத்திருந்தார். நான் முள்ளைப் பார்த்தேன், இலையைக் கையில் அள்ளிப் பார்த்தேன். தண்ணீருக்கு இரண்டு கிலோ கழித்தேன்.

"ஆங்," என்றார் அக்கா. "இது சரியான மூஞ்சி."