ரிச்சர்ட்ஸ் டவுனில் வாங்கிய ஜீப்

ஜீப் வாங்கலாம் என்று முதலில் சொன்னது யார் என்று இப்போது நினைவில்லை. அக்காவின் கணவர், மாமாவாக இருக்கலாம். அக்காவின் முதல் குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த பிறகு எங்கள் வீட்டில் அந்தக் குழந்தையைப் பற்றி யாரும் பேசவில்லை. வண்டியைப் பற்றிப் பேசினோம்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது பெங்களூரில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு. கல்யாணமான அடுத்த வருடம் அவருக்கு ஆனேக்கல் தாண்டி, காட்டை ஒட்டிய ஒரு மாந்தோப்பில் காவல் வேலை கிடைத்தது. தோப்புக்காரர் வீடும் கொடுத்ததால் மாமா அக்காவையும் தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அங்கேயே போய்விட்டார். தோப்பிலிருந்து தார் ரோட்டுக்கு நாலு கிலோமீட்டர் செம்மண் தடம். நடுவில் ஓர் ஓடை, ஓடையைத் தாண்டினால் நீளமான ஏற்றம். வெயில் காலத்தில் எந்த வண்டியும் ஏறிவிடும். மழை பிடித்தால் மாட்டு வண்டியே நின்றுபோகும்.

தலைப்பிரசவத்துக்கு அக்காவை எங்கள் வீட்டுக்கு அழைத்துவரப் போன அன்று மழை. வாடகைக்கு எடுத்துப் போன டெம்போ அந்த ஏற்றத்தில் சிக்கிக்கொண்டது. தள்ளுவதற்கு ஆள் தேடிக் கூட்டி வருவதற்குள் அவளுக்கு வலி வந்துவிட்டது. குழந்தை டெம்போவிலேயே பிறந்தது. அழவில்லை. துணியில் சுற்றி ஆனேக்கல் வரை என் மடியில்தான் வைத்திருந்தார்கள். அதற்கப்புறம் பல மாதங்கள் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. குழம்பில் உப்பு சரியா என்று அம்மா கேட்டால் இன்னொரு வாய் போட்டு யோசித்துத்தான் சொல்வேன்.

அக்கா மறுபடி உண்டானாள். ஐந்தாம் மாதமே அம்மா போய், இந்த முறை முன்னாலேயே கூட்டிப் போகிறேன் என்று மாமாவின் அம்மாவிடம் கேட்டாள். அந்தம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

"தாய் வீட்டுக்குப் பொறப்பட்ட வழியிலதானே அது போச்சு? இந்த வாட்டி எங்கயும் அனுப்ப மாட்டேன். வலி வந்தா ஆஸ்பத்திரிக்குப் போவட்டும். அதுக்கு மட்டும் விடுவேன்."

மாமா அம்மாவை எதிர்த்துப் பேசுகிறவர் இல்லை. பிரசவம் மழை மாதத்தில் வரும் என்று கணக்குச் சொன்னார்கள். அப்படியானால் தோப்பிலேயே ஒரு வண்டி நிற்க வேண்டும், அது அந்த ஏற்றத்தைச் சேற்றிலும் ஏற வேண்டும். பின் சக்கரம் மட்டும் தள்ளுகிற வண்டி பிரயோஜனப்படாது, நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப்தான் வேண்டும் என்று மாமா சொன்னார். மற்ற நாளில் மாங்காய்க் கூடை ஏற்றலாம், எல்லாரும் ஒன்றாகக் கோயிலுக்குப் போகலாம் என்றும் சொன்னார்.

எதை வாங்குவது என்று முடிவு செய்ய வேண்டியவன் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள். ரேஷன் கார்டு, கரண்ட் பில், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் என் கைக்குத்தான் வரும். நான் வாசித்து என்ன சொல்கிறேனோ அதுதான் வீட்டில் தீர்ப்பு. டிப்ளமா முடித்து, ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் உதிரி பாகங்களைச் சோதித்துப் பாஸ் போடும் வேலையில் இருந்தேன். அங்கே செய்வதுபோலவே ஜீப்புக்கும் ஒரு பட்டியல் எழுதினேன். ஆர்சி புத்தகம், எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர், வரி, இன்சூரன்ஸ், டயர், பிரேக், முன் கியர் லீவர். இருபத்திரண்டு வரி வந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் போட ஒரு கட்டம்.

அப்பாவுக்குப் படிப்பு இல்லை. கையெழுத்து மட்டும் போடுவார். என் நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரு வாட்டர் சர்வீஸ் ஷெட்டில் வேலை. வண்டியை மேடையில் ஏற்றி, அடியில் நின்று சேறு போகக் கழுவி, கிரீஸ் வைப்பார். வண்டிகளின் மேல்பக்கம் அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. என்ன கலர் வண்டி வந்தது என்று கேட்டால் முழிப்பார். எந்த வண்டியில் எந்த இடத்தில் எண்ணெய் கசிகிறது என்று கேட்டால் சொல்வார்.

முதலில் அத்திபெலேக்குப் போனோம். அப்பா, மாமா, நான். ஹைவே ஓரம் காலி மனையில் பழைய வண்டிகளை நிறுத்தி விற்கிற ஒரு புரோக்கர். புதுப் பச்சை பெயிண்ட் அடித்த ஒரு ஜீப்பைக் காட்டி, மிலிட்டரி ஏலத்தில் எடுத்தது, யானையையே இழுக்கும் என்றார். நான் பட்டியலை விரித்துக் காகிதங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். அப்பா யாரிடமும் எதுவும் கேட்காமல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணில் மல்லாந்து படுத்து வண்டிக்கடியில் போய்விட்டார். கால் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தது.

புரோக்கருடைய ஆட்கள் சிரித்தார்கள்.

"என்ன ஸ்வாமி, உள்ள தூங்கறதுக்குப் போனாரா?" என்றார் புரோக்கர். பிறகு என் சட்டைப் பையிலிருந்த பேனாவையும் கையிலிருந்த பட்டியலையும் பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டார். "ஒங்க மெக்கானிக்கா சார்? எந்த ஷாப்பு?"

நான் பதில் சொல்லவில்லை. மாமாவும் சொல்லவில்லை. அப்பா வெளியே வந்து முதுகு மண்ணைத் தட்டினார். முகத்தில் கருப்பு எண்ணெய் கோடாக இழுத்திருந்தது.

"சேசிஸ்ல ரெண்டு எடத்துல வெல்டிங் வெச்சிருக்காங்க. வேணாம்."

புரோக்கருக்குக் கோபம் வரவில்லை. வெல்டிங் இல்லாத சேசிஸ் வேண்டுமானால் ஷோரூமுக்குப் போங்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மாதங்களில் எனக்குத் தோன்றிய ஒரே உணர்ச்சி அதுவாக இருந்தது என்பதை இப்போதுதான் எழுத முடிகிறது.

இரண்டு வாரம் கழித்து எங்கள் சூப்பர்வைசர் மூலமாக ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு ஜீப் இருப்பதாகத் தெரிந்தது. அங்கே பல தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். எஸ்டேட் வைத்திருந்த கணவர் இறந்துபோய், அந்தம்மா தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்த பிறகு வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவுக்கு ஒரு பேன்ட்டும் வெள்ளைச் சட்டையும் வாங்கி வந்தேன். காலையில் கிளம்பும்போது வாசலில் வைத்துச் சொன்னேன்.

"அப்பா, அது பெரிய வீடு. அங்க வந்து கீழ எல்லாம் படுக்காதீங்க. நான் பேப்பர்ல எல்லாம் பாத்துக்கறேன். நீங்க சும்மா நில்லுங்க. எதுவும் பேச வேணாம்."

"செரிப்பா," என்றார். புதுச் சட்டையின் கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தார். அது கொஞ்சம் இறுக்கம்.

ஓட்டு வீடு, முன்னால் வளைவு வைத்த போர்டிகோ, சிவப்புத் தரை முகம் தெரிகிற மாதிரி பளபளத்தது. அதில் ஜீப் நின்றது. கீழே எண்ணெய் சொட்டக் கூடாதென்று கோணிப்பை விரித்திருந்தார்கள். அந்தம்மா எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். பிளம் கேக்கும் டீயும் வந்தன. அப்பா மட்டும் உட்காரவில்லை. "அய்யா ஒக்காருங்க," என்று அவர் இரண்டு முறை சொன்னார். அப்பா தலையை ஆட்டிவிட்டு நின்றுகொண்டே கேக்கைத் தின்றார்.

"ஒடம்பு நல்லா இருந்தவரைக்கும் அவர் சண்டே சண்டே எஸ்டேட் போவார். அப்புறம் டவுனுக்குள்ளதான் ஓட்டினார். எனக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாது தம்பி. நீங்க படிச்ச பிள்ளை, பாத்துக்குங்க," என்றார் அந்தம்மா. பொய் சொல்கிற முகம் இல்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

காகிதங்கள் அவ்வளவு சுத்தம். வரி ஒரு நாள் தப்பவில்லை. எந்தத் தேதியில் எண்ணெய் மாற்றியது என்று அவர் கணவர் கைப்பட எழுதிய நோட்டுகூட இருந்தது. எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் டார்ச் அடித்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. கியருக்குப் பக்கத்தில் சின்ன லீவர், அதற்கு மேலே எந்த நிலையில் முன் சக்கரம் சேரும் என்று படம் போட்ட தகடு. லீவரைத் தள்ளினேன். டக்கென்று விழுந்தது. டிக் போட்டேன்.

பிறகு மாமா ஓட்ட, நான் பக்கத்தில், அப்பா பின்னால். முன் சக்கரம் சேரும் நிலையில் லீவரைப் போட்டபடியே தெருவைச் சுற்றினோம். பார்க் பக்கம் ஒரு குறுகலான திருப்பம். மாமா ஒரு கையாலேயே திருப்பினார்.

"ஸ்டீரிங் பூ மாதிரி போவுது மச்சான்," என்றார். அதையும் பட்டியலின் அடியில் எழுதிக்கொண்டேன்.

போர்டிகோவுக்குத் திரும்பியதும் அப்பா ஜீப்பின் முன் பம்பருக்குப் பக்கத்தில் நின்று கோணிப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அந்தம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு கட்டத்திலும் டிக் விழுந்திருந்தது. அடுத்த வாரம் வண்டியை எடுத்துக்கொண்டோம்.

அப்புறம் நாலு மாதம் மழை இல்லை. ஜீப் ஓடையைத் தாண்டியது, ஏற்றத்தில் ஏறியது, கூடை சுமந்தது. காய்ந்த தரையில் பின் சக்கரம் மட்டுமே போதும். மாமாவின் அம்மா அதற்கு எலுமிச்சம்பழம் கட்டினாள்.

பிரசவ நாள் நெருங்கியதும் அப்பா, அம்மா, நான் மூவரும் சனிக்கிழமை தோப்புக்குப் போய்விட்டோம். அன்றிலிருந்தே விடாத மழை. ஞாயிறு காலை பத்து மணிக்கு அக்காவுக்கு வலி கண்டது. பின் சீட்டில் அம்மா அவளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். ஓடையைச் சுலபமாகத் தாண்டினோம். ஏற்றத்தில் பாதி போனதும் பின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. மாமா லீவரைப் போட்டார். டக்கென்று விழுந்தது. மறுபடி மிதித்தார். வண்டி பின்னோக்கி வழுக்கியது.

நான் இறங்கி முன்னால் போய் நின்றேன். மாமா மிதிக்க மிதிக்கப் பின்னாலிருந்து சேறு தெறித்தது. முன் சக்கரம் இரண்டும் அசையவே இல்லை.

அப்பா இறங்கினார். சேற்றில் படுத்து அடியில் போனார். ரொம்ப நேரம் ஆகவில்லை. வெளியே வந்து என்னிடம் சொல்லாமல் மாமாவிடம் சொன்னார்.

"முன் ஷாப்ட் இல்ல. கழட்டியிருக்காங்க."

முன் சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுபோகிற தண்டு. டவுனில் மட்டும் ஓட்டுகிறவர்கள் டீசல் மிச்சமாகட்டும் என்று கழற்றிப் போட்டுவிடுவது உண்டாம். மேலே லீவரும் தகடும் அப்படியே இருக்கும். கீழே ஒன்றும் இருக்காது.

அதைக் கேட்டபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மழை சட்டைக்குள் போவது தெரிந்தது, அவ்வளவுதான். அதே ஏற்றம், டெம்போ நின்ற இடத்திலிருந்து இருபது அடி இருக்கும் என்று மனதுக்குள் அளந்துகொண்டிருந்தேன்.

பின் சீட்டிலிருந்து அக்கா சொன்னாள்.

"என்ன எறக்கி வுடுங்க. நடக்கறேன்."

அம்மா வேண்டாம் என்று அழுதாள். அக்கா அதற்குள் காலைக் கீழே வைத்துவிட்டாள். ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் மாமா. ஸ்டீரிங்கில் நான் உட்கார்ந்தேன். அப்பா மாமரக் கிளைகளை ஒடித்து வந்து சக்கரத்துக்கடியில் போட்டுப் போட்டுத் தள்ளினார். அக்கா பத்தடி நடப்பாள், குனிந்து நிற்பாள், மறுபடி நடப்பாள். ஒரு முறைகூட வாய் விட்டுக் கத்தவில்லை. ஆள் பாரம் இல்லாத ஜீப் அவளுக்குப் பின்னால் அடி அடியாக ஏறியது. மேலே கல் தரை வந்ததும் அவளை ஏற்றிக்கொண்டோம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து அரை மணி நேரத்தில் குழந்தை பிறந்தது. பெண். அழுதது. வராந்தாவரை கேட்டது.

அம்மா என் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் பெஞ்சில் உட்கார்ந்தபடி எதிர்ச் சுவரிலிருந்த தடுப்பூசி அட்டவணையை வாசித்துக்கொண்டிருந்தேன். அப்பா குழாயடியில் கைகால் கழுவிவிட்டு வந்து தள்ளி உட்கார்ந்தார்.

"ஒங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?" என்று கேட்டேன்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "முன் கியர் போட்டுத் தார் ரோட்டுல திருப்புனா ஸ்டீரிங் டைட் ஆவும்னு டிரைவருங்க சொல்லுவாங்க. அன்னிக்கு ஆவல. சந்தேகந்தான் இருந்திச்சி. கீழ பாக்காம எப்டி சொல்றது?"

"சொல்லியிருக்கலாமே."

"பேச வேணாம்னு சொன்ன. நீ பேப்பர்ல பாத்திருப்பன்னு நெனச்சேன்."

குறையாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். பிறகு டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனார்.

மறுநாள் காலை அக்காவைப் பார்க்க உள்ளே போனேன். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். குழந்தை அவள் கைக்குள் இருந்தது. பாதம் இரண்டிலும் கல் குத்திய காயத்துக்கு மருந்து போட்டிருந்தார்கள். வெளியே மாமா புது ஷாப்ட் எங்கே கிடைக்கும் என்று யாரிடமோ விசாரித்துக்கொண்டிருப்பது ஜன்னல் வழியே கேட்டது.

"தம்பி, வண்டி நல்ல வண்டிதானா?" என்றாள்.

"நல்ல வண்டிதான்க்கா. எஞ்சின் எல்லாம் சுத்தமா இருக்கு."

"அப்ப நான் ஏன்டா நடந்தேன்?"

ஷாப்ட், டீசல், எஸ்டேட் என்று ஆரம்பித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்திவிட்டேன்.

"அப்பாவ கீழ பாக்க வேணாம்னு நான்தான் சொன்னேன்," என்றேன்.

குழந்தை நெளிந்து சிணுங்க ஆரம்பித்தது. அக்கா மெதுவாக எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்தாள்.

"பால் குடுக்கணும். கதவ சாத்திட்டுப் போ."

சாத்திவிட்டு வெளியே வந்தேன்.