துடைத்ததில் காணாமல் போன பேய்

ஐந்து திருகுகளையும் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே தட்டில் அடுக்கியாயிற்று. வீடியோ கேசட்டின் மேல்மூடியைத் தூக்கிய விரல்கள் சற்று நின்றன. சுருளின் விளிம்பு முழுக்க மாவு தூவியதுபோல் பூஞ்சை. மெல்லிய தூரிகை ஒன்று அதை வெளிப்பக்கமாக, ஒரே திசையில், அவசரமில்லாமல் தள்ளியது. கை கொஞ்சம் உள்ளே திரும்பினாலும் பூஞ்சை நாடாவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரியைக் கட்டடத்தில் எல்லோரும் கேசட் அக்கா என்பார்கள். மூன்றாம் மாடியில், பல் மருத்துவருக்கும் சாவி செய்பவருக்கும் நடுவே அவளுடைய அறை. யாரிடமும் போய்ப் படித்தவள் இல்லை. பழுதான ஏழு பிளேயர்களை வாங்கிப் பிரித்துப்போட்டு, ஏழிலிருந்து இரண்டை ஓடவைத்துக் கற்றுக்கொண்டவள். கணினி வேலையை அவளுடைய தம்பி பார்த்துக்கொண்டான்.

கேசட்டைக் கொண்டுவந்தவர் ஒரு தையல்கார அம்மா. நாற்பது வருடத்துக்கு முன்பு தொலைக்காட்சிக்கென்று எடுத்த பேய்ப்படம் அது. ஒரே ஒரு முறை ஒளிபரப்பானது. நிலையத்துக்காரர்கள் பிறகு அந்த நாடாவை அழித்து, அதன்மேல் செய்தியைப் பதிவு செய்துவிட்டார்கள். யாரோ ஒருவர் தன் வீட்டில், விளம்பரம் வரும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பதிந்துவைத்த பிரதி ஒரு பழைய சாமான் கடைக்கு வந்திருந்தது. மேலே ஒட்டியிருந்த படத்தின் பெயரைப் பார்த்து அந்த அம்மா வாங்கிவிட்டார்.

“இதுல நான் வர்றேன்மா. பேயா வர்றேன். அந்தப் படத்துக்குத் துணி தைக்கப் போனவ நான். நடிக்க வேண்டிய பொண்ணுக்குக் காய்ச்சல். அங்கியைத் தைச்சு முடிச்சாச்சு, நீயே போட்டுக்கிட்டு நில்லுன்னுட்டாங்க.”

கூட வந்திருந்த நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நாப்பது வருஷமா இதே பாட்டுதான். அண்ணி நடிச்சாங்களாம், பேரு போடலையாம், படமும் கிடைக்கலையாம். எவ்வளவு வசதியா இருக்கு பாருங்க.”

“வாயைத் திறக்க மாட்டேன்னுதானே கூட வந்தே?”

“பேயைப் பாத்ததும் மூடிக்கறேன்.”

தையல்கார அம்மா அக்காவிடம் குரலைத் தாழ்த்தினார். “எங்க வீட்ல நான் எதைச் சொன்னாலும், ‘பேய்ப்படக் கதையா’ன்னுதான் கேக்கறாங்க. ஒரு தடவை இவ கண்ணால பாத்துட்டா போதும்.”

எந்த நாடாவையும் பழைய பிக்சர் டியூப் டிவியில் முழுதாகப் பார்த்த பிறகே கணினியில் துடைக்க அனுமதிப்பது அக்காவின் வழக்கம். இந்த ஒன்றில் அதை விட்டுவிட்டாள். பேய் வரும் இடத்தை, அதைப் பதிந்துவைத்த வீட்டுக்காரர்கள் திரும்பத் திரும்ப ஓட்டியும் நிறுத்தியும் பார்த்திருக்க வேண்டும். அங்கே நாடா சருகாகக் கசங்கியிருந்தது. இன்னொரு ஓட்டம் தாங்குமா என்ற பயத்தில், ஒரே முறை ஓட்டிக் கணினியில் ஏற்றினாள். தம்பி, படத்தில் விழும் புள்ளியையும் கோட்டையும் துடைக்கும் மென்பொருளைத் தட்டிவிட்டான். பத்தாம் நாள் இருவரையும் வரவழைத்தார்கள்.

படம் கண்ணாடிபோல் இருந்தது. கதாநாயகி விளக்கோடு படியேறினாள், ஜன்னலைப் பார்த்தாள், அலறினாள். ஜன்னலில் ஒன்றும் இல்லை.

“எதைப் பாத்து அலறுது அந்தப் பொண்ணு?” என்றார் நாத்தனார். “வாடகை கேட்டு யாராவது வந்தாங்களா?” தம்பியே சிரித்துவிட்டான்.

“நான் பக்கத்து ரூம்ல நின்னேன்,” என்றார் தையல்கார அம்மா மெதுவாக. “கேமராவுக்கு முன்னால சாய்வா ரசம் பூசாத கண்ணாடி ஒண்ணு வெச்சு, அதுல என் உருவத்தை விழவெச்சாங்க.” பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

அக்கா மதியச் சாப்பாட்டைத் திறக்காமல், கணினியில் அந்தக் காட்சியையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள்.

“விடுக்கா, அளந்துவிடுது அந்தம்மா,” என்றான் தம்பி.

“அளந்துவிடறவங்களுக்குக் கண்ணாடி எப்படிடா தெரியும்? கண்ணாடில விழுந்த உருவம்னா எப்படி இருக்கும்? புகை மாதிரி. உன் மென்பொருள் புகையை என்ன பண்ணும்?”

தம்பி துடைக்காத பதிவைத் திறந்தான். புள்ளியும் கோடுமாகக் கொட்டும் குப்பைக்கு நடுவே, ஜன்னலோரம் வெளுப்பாக ஏதோ நின்றது. அரைகுறையாகத் தெரிவதையெல்லாம் அழுக்கு என்று வழித்துப் போட்டிருந்தது மென்பொருள்.

அக்கா உடனே போன் செய்தாள். “அம்மா, பேய் இருக்கு. நாங்கதான் துடைச்சுட்டோம். பாக்காம துடைக்க விட்டது என் தப்பு. ஆனா இந்தப் பதிவுல கோடு மறைக்குது, முகம் தெரியணும்னா நாடாவைத் திரும்ப ஓட்டணும். அறுந்தாலும் அறுந்துடும். நீங்க சொன்னாத்தான் ஓட்டுவேன்.”

மறுமுனையில் தையல் மெஷின் நின்றது. “பெட்டில வெச்சுப் பூட்டறதுக்கா வாங்கினேன்? ஓட்டும்மா.”

கசங்கிய இடத்தை அங்குலம் அங்குலமாக நீவி, இரண்டு முறை ஓட்டினாள். ஒவ்வொரு முறையும் பழுப்புத் தூள் உதிர்ந்தது. நாடா தாங்கிவிட்டது. பேய் கேமராவைப் பார்க்கும் நேரம் பத்தொன்பது நொடி. நொடிக்கு இருபத்தைந்து என்று நானூற்று எழுபத்தைந்து படங்கள். ஒரு ஓட்டத்தில் கோடு விழுந்த இடத்தில் இன்னொரு ஓட்டத்தின் துண்டை எடுத்து வைத்தாள். படம் படமாக, கையால், ஆறு நாள்.

“அந்தக் கண்ணை மட்டும் நாமளே கொஞ்சம் வரைஞ்சுவிட்டா என்னக்கா? யாருக்குத் தெரியப்போகுது?”

“வரைஞ்சா அது நம்ம பேய்டா. அவங்க இல்ல.”

எந்த ஓட்டத்திலும் கிடைக்காத இடங்களை அப்படியே விட்டாள். வலது கன்னத்தில் இரண்டு கோடுகள் நின்றன.

இரண்டாம் முறை இருவரும் வந்தபோது அக்கா நாத்தனாரிடம்தான் முதலில் பேசினாள். “போன தடவை நீங்க சிரிச்சதுக்கு நான்தான் காரணம். இப்பப் பாருங்க.”

ஜன்னலோரம் வெள்ளை அங்கி கூடிவந்தது. ஒல்லியான இளம்பெண் ஒருத்தி மெல்லத் திரும்பி நேராகப் பார்த்தாள்.

“அண்ணி,” என்றார் நாத்தனார். “கழுத்தை இன்னமும் அப்படித்தான் சாய்க்கறீங்க.”

தையல்கார அம்மா தன் முகத்தைப் பார்க்கவே இல்லை. திரைக்கு வெகு அருகே குனிந்திருந்தார். “கீழ்மடிப்பு ஒரு பக்கம் தொங்குது பாரு. அவசரத்துல தைச்சது.”

“ரொம்ப முக்கியம். இன்னொரு தடவை போடச் சொல்லுங்க.”

நான்கு தடவை போட்டார்கள். பிறகு அக்கா கேசட்டை உறையிலிட்டு, பிரதி இருந்த பென் டிரைவை அதன்மேல் வைத்து நீட்டினாள். தையல்கார அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.